வகுப்பறையை அளந்தோம்

நில அளவை என்றதும் நம்மில் பலருக்கு வருவாய்த்துறையும் எல்லைக்கல்லும்தான் நினைவுக்கு வரும். அக்கலையை நான்கு சுவர்களுக்குள்ளேயே பயிலலாம் என்பதை இவ்வாண்டுப் புவியியல் செய்முறை வகுப்பில் நாங்கள் கண்டோம். பேராசிரியர் இட்ட பணி இதுதான்: எங்கள் வகுப்பறையை அளந்து 1:50 என்ற அளவையில் தளப்படம் வரைய வேண்டும். அதாவது தரையில் 50 செ.மீ. என்பது தாளில் 1 செ.மீ. ஆகும்.

மூன்றடியால் உலகளந்த பெருமாள் காஞ்சியில் கோயில் கொண்டிருக்கிறார். நமக்கோ 30 மீட்டர் டேப்பும், நூல்கண்டும், சுண்ணக்கட்டியும் வேண்டியிருக்கின்றன. ஒருவர் டேப்பின் சுழிமுனையைப் பிடிக்க, இன்னொருவர் அளவைப் படிக்க, மூன்றாமவர் குறிப்பேட்டில் எழுதினார். எழுதுபவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது விதி. சன்னல்களைத் தனித்தனியே அளந்து கூட்டக்கூடாது. மூலையில் வைத்த சுழியை அசைக்காமல் 0.62, 1.82, 3.40 என்று தொடர்ந்து படித்துச் செல்ல வேண்டும். இல்லையேல் ஒவ்வோர் அளவிலும் நேரும் அரை சென்டிமீட்டர்ப் பிழை கடைசிச் சன்னலில் வந்து குவிந்துவிடும். சுவரின் கனத்தை அறைக்குள்ளிருந்து காண இயலாது. கதவு நிலையருகே அளந்தால் கிடைத்துவிடும்.

அறையின் நீளம் 9.12 மீட்டர், அகலம் 6.08 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்கள் சமமாகவே இருந்தன. ஆகவே செவ்வகம்தான் என்று நண்பர்கள் மூலைமட்டத்தை எடுத்துவிட்டனர். பேராசிரியர், "மூலைவிட்டம் எங்கே?" என்றார். மேசைகளை நகர்த்தி நூல் கட்டி அளந்தோம். ஒன்று 11.04 மீட்டர், மற்றொன்று 10.88. செவ்வகமாயின் இரண்டும் 10.96 ஆக இருந்திருக்க வேண்டும். பக்கம் சமம், மூலைவிட்டம் சமமில்லை எனில் அது இணைகரம். மூலைகள் செங்கோணத்திலிருந்து ஏறத்தாழ ஒரு பாகை விலகியிருந்தன; ஒரு நீளச் சுவர் மற்றதற்கு நேரெதிரே நில்லாமல் சுமார் 10 செ.மீ. தள்ளி நின்றது. பல ஆண்டுகளாக அந்த அறையில் இருந்து வந்த எவர் கண்ணுக்கும் அது புலப்பட்டதில்லை.

இத்தகைய அறையை வரையக் கோணமானி தேவையில்லை. 18.24 செ.மீ. அடிக்கோடு வரைந்து, ஒரு முனையிலிருந்து 12.16 செ.மீ., மறுமுனையிலிருந்து 22.08 செ.மீ. கவராயத்தில் எடுத்து விற்கள் இட்டால், அவை வெட்டும் புள்ளியே மூன்றாவது மூலை. முக்கோணம் ஒன்றுக்குத்தான் மூன்று பக்கங்களைச் சொல்லிவிட்டால் வடிவம் மாறாது. நான்காவது மூலையையும் அவ்வாறே குறித்தபின், எஞ்சிய மூலைவிட்டம் தாளில் 21.76 செ.மீ. வருகிறதா என்று பார்ப்பது சோதனை. எங்களுக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தது.

இந்த முக்கோணத்தைக் கொண்டே இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே, நூறடி எஃகுச் சங்கிலியால் சுமார் 7½ மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நாங்கள் பக்கங்களை அளந்தோம். அவர் ஒரு பக்கத்தை அளந்துகொண்டு மற்றவற்றைக் கோணங்களால் கணக்கிட்டார். அதற்கு முன்பே 1794-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாயிற்று. இன்று கைப்பேசிச் செயலியும் அறையை அளக்கிறது. ஆனால் அது சொல்வது சரியா என்று பார்க்க நமக்கு மூலைவிட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

இப்பாடத்தை உடனே பயன்படுத்திக் கொண்டவர் தென்னேரியிலிருந்து வரும் எங்கள் வகுப்பு நண்பர். அவர் தந்தையும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொள்ள இருந்த வீடு 18 அடி அகலம், 48 அடி நீளம். நடுவே நேராகச் சுவர் எழுப்பினால் அது முன்கட்டில் உள்ள குழித்தறியின் மேலேயே வரும். மாதக்கணக்கில் பேச்சு நின்றிருந்தது. நண்பர் 1 செ.மீ.க்கு 2 அடி என்று கட்டத்தாளில் வீட்டை வரைந்தார். தறியை அதே அளவையில் தனித்தாளில் வெட்டி, படத்தின்மேல் நகர்த்திப் பார்த்தார். சுவரை முன்பாதியில் இரண்டடி பெரியப்பா பக்கமாகவும், பின்பாதியில் இரண்டடி தம் தந்தை பக்கமாகவும் மடக்கினால் தறி தப்பும் என்று தெரிந்தது. முன்பாதியில் பெரியப்பாவுக்கு 7 அடி, பின்பாதியில் 11 அடி.

பெரியப்பாவுக்குப் பரப்பளவுச் சூத்திரம் தெரியாது. ஆனால் சேலைக்கரையின் பேட்டு வரைந்த கட்டத்தாளை வாழ்நாளெல்லாம் எண்ணியவர். படத்தை வாங்கி இரு பக்கமும் கட்டங்களை எண்ணினாராம்: இங்கே 108, அங்கேயும் 108. கட்டத்துக்கு 4 சதுர அடி, ஆளுக்கு 432. "சரிப்பா, இப்படியே போட்டுக்கலாம்" என்றாராம்.

அப்படம் பாகப்பத்திரத்தோடு இணைக்கப்பட்டது. கொத்தனார் நூல் பிடித்த அன்று, மூலைவிட்டங்களையும் அளந்துவிடச் சொன்னவர் பெரியப்பாதான்.