கழிக்கும் முன் ஒரு கேள்வி

நூலகத்திற்குப் புதிய நூல்களும் இதழ்களும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால், அடுக்குகள் அதே வேகத்தில் பெருகுவதில்லை. எனவே, எந்த நூலகமும் அவ்வப்போது சிலவற்றைக் கழித்தே ஆகவேண்டும். யாரும் எடுத்துப் பார்க்காத பழைய ஆய்விதழ்களும் நுண்படச்சுருள்களும் அவற்றுள் அடங்கும். ஒன்றைக் குப்பைக்கு அனுப்புவது எளிது. அதைத் திரும்பப் பெறுவதுதான் அரிது.

நுண்படச்சுருள் என்றால் என்ன? செய்தித்தாள் அல்லது இதழின் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுத்து, மிகச் சிறிய உருவில் பதித்து வைத்திருக்கும் ஃபிலிம் சுருளே அது. அதிலுள்ள எழுத்துகளைப் படிப்பதற்குப் பெரிதாக்கிக் காட்டும் கருவி தேவை. 35 மில்லிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சுருளில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கிவிடும். மரக்கூழால் ஆன செய்தித்தாளோ நாளடைவில் பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலையை அடைகிறது. இடமும் மிச்சம், செய்தியும் பத்திரம் என்பதால், 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளின் நூலகங்கள் நுண்படச்சுருளை நாடின. படமெடுத்த பிறகு மூலத் தாள்களைக் கழித்துவிட்ட நூலகங்களும் உண்டு.

இதனால் இழப்பும் நேர்ந்தது. நியூயார்க்கில் ஜோசப் புலிட்சர் நடத்திய 'வோர்ல்ட்' நாளிதழ், ஞாயிற்றுக்கிழமைகளில் அழகிய வண்ணப் படங்களை வெளியிட்டது. அவை கறுப்பு வெள்ளைச் சுருளில் பதிந்தபோது வண்ணம் மறைந்துபோனது. மூலத் தாளும் இல்லாவிட்டால் அந்த வண்ணத்தை எங்கே தேடுவது? 1999இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்கச் செய்தித்தாள் தொகுப்புகளை விற்க முன்வந்தது. அப்போது நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் தம் ஓய்வுக்காலச் சேமிப்பைச் செலவிட்டு, 'வோர்ல்ட்' உள்ளிட்ட பல செய்தித்தாள்களின் தொகுப்புகளை வாங்கினார். 2004இல் அவை டியூக் பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்தன.

தமிழ் உலகிலும் இத்தகைய அக்கறைக்கு நல்ல சான்று உண்டு. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, பிறர் தூக்கி எறியக்கூடிய திருமண அழைப்பிதழ்களையும் நாடக அறிவிப்புகளையும்கூடச் சேகரித்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆயினும், அது அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கே பழைய தமிழ் நூல்கள் நுண்படச்சுருளில் பதிவு செய்யப்பட்டன. மூலப் பிரதிகளும் பாதுகாக்கப்பட்டன.

இன்று மின்னிலக்கப் படிகள் பெருகிவிட்டதால், அன்று செய்தித்தாளுக்கு ஏற்பட்ட நிலை நுண்படச்சுருளுக்கு ஏற்பட்டுள்ளது. அதைக் கழிக்கும் முன் நூலகங்கள் என்ன செய்யலாம்?

முதலாவதாக, சுருளின் நிலையை ஆராயலாம். அசிட்டேட் வகைச் சுருள் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வீசும். அதிலிருந்து வெளிவரும் ஆவி, அருகிலுள்ள சுருள்களையும் கெடுக்கக்கூடும். எனவே, அத்தகைய சுருள்களைத் தனியே பிரித்து, விரைவில் படியெடுக்க வேண்டும். பாலியெஸ்டர் வகைச் சுருளோ, முறையாகப் பாதுகாத்தால் ஏறத்தாழ 500 ஆண்டுகள் நிலைக்கக்கூடியது.

இரண்டாவதாக, சுருளிலிருந்தே மின்னிலக்கப் படிகளை உருவாக்கலாம். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' இணையத்தளம் இவ்வாறு நுண்படச்சுருள்களின் துணையோடு வளர்ந்ததுதான். 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய பக்கங்களையும் அதில் காணலாம்.

மூன்றாவதாக, நூலகங்கள் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். 1995இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'ஜேஸ்டோர்', பழைய ஆய்விதழ்களை மின்னிலக்கமாக்கி, நூலக அடுக்குகளில் இடம் கிடைக்க வழிசெய்தது. அதே வேளையில், அவற்றின் அச்சுப் படிகள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலும் சேமித்து வைக்கப்பட்டன. ஒவ்வொரு நூலகமும் எல்லாவற்றையும் வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால், எங்கேனும் ஓரிடத்தில் ஒரு படியாவது இருக்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் எஞ்சும் கூடுதல் படிகளைத்தான் கழிக்க வேண்டும். அவையும் முற்றிலும் பயனற்றவை அல்ல. கறுப்பு வெள்ளைச் சுருள்கள் பலவற்றில் வெள்ளி உள்ளது. அதைப் பிரித்தெடுக்கும் நிறுவனங்கள் உண்டு. பழைய இதழ்களைப் பள்ளிக் கலை வகுப்புகளுக்கு வழங்கலாம், மறுபயனீட்டுக்கும் அனுப்பலாம்.

'கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம்' என்பார்கள். கடைசிப் படியையும் கழித்துவிட்டு வருந்துவதால் பயனில்லை. 'இது வேறெங்கேனும் முழுமையாக இருக்கிறதா?' என்று முன்கூட்டியே கேட்பது சில நிமிட வேலைதான். இன்று எவரும் தேடாத ஒரு பக்கத்தை நாளை தம் குடும்பத்தின், ஊரின், மொழியின் வரலாற்றை அறிய விரும்பும் ஒருவர் தேடி வரக்கூடும். அவருக்காக அந்தப் பக்கத்தைக் காத்து வைப்பதும் நூலகத்தின் கடமையே.