பயிற்சி ஆலோசகரிடம் பேசலாமா?



சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் அறிவியல் படித்த ஒரு மாணவன், பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பருவத்திலேயே பெட்டியும் கையுமாகச் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி வந்தான். இரவில் தூக்கம் இல்லை. விரிவுரை எதுவும் மனத்தில் பதியவில்லை. அறைத் தோழர்களிடம் சொல்லவும் கூச்சம். "அங்கே ஆலோசனை மையம் இருந்திருக்குமே?" என்று கேட்டேன்.

"இருந்தது டீச்சர். வாசல் வரைக்கும் போனேன். உள்ளே இருக்கிறவங்க பயிற்சிக்கு வந்த மாணவங்கன்னு சொன்னாங்க. என்னை வச்சுப் பழகப் போறாங்களான்னு திரும்பிட்டேன்" என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நீங்களும் நாளை வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கலாம். அப்போது இதே கேள்வி உங்களுக்கும் எழலாம். அதற்கான விடையை இன்று அறிவியல் வழியில் தேடுவோம்.

பயிற்சி ஆலோசகர் யார்?

பேராக்கிலேயே தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்திலும் ஆலோசனைத் துறையைப் பாடமாகப் படிக்கலாம். வகுப்பறைப் பாடம் மட்டும் அவர்களுக்குப் போதாது. உண்மையான மனிதர்களோடு அமர்ந்து பேசும் களப்பயிற்சியையும் முடிக்க வேண்டும். முதுகலை மாணவர்கள் பலர் அந்தப் பயிற்சியைப் பல்கலைக்கழக ஆலோசனை மையங்களில் பெறுகிறார்கள்.

அமெரிக்காவில் ஆலோசனைக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு இதற்கு மணிக்கணக்கு வைத்திருக்கிறது. முதல் கட்டப் பயிற்சி 100 மணி நேரம். அதில் 40 மணி நேரம் நேரடியாக ஆலோசனை வழங்க வேண்டும். அடுத்த கட்டம் 600 மணி நேரம். அதில் 240 மணி நேரம் நேரடி ஆலோசனை. இந்தக் காலம் முழுவதும் அனுபவம் மிக்க மேற்பார்வையாளர் ஒருவர் வாரந்தோறும் பயிற்சியாளரின் வேலையைச் சரிபார்ப்பார்.

'எல்' எழுத்து ஒட்டிய காரை நினைத்துப் பாருங்கள். ஓட்டுபவர் புதியவர்தான். ஆனால், பக்கத்தில் பயிற்றுநர் இருக்கிறார். மருத்துவமனையில் உங்களை முதலில் பார்க்கும் 'ஹவுஸ்மென்' டாக்டரும் அப்படித்தான். அவரிடம் உடம்பைக் காட்ட நாம் தயங்குவதில்லை. மனத்தைப் பற்றிப் பேச மட்டும் தயங்குகிறோம்.

கேட்பதற்குப் பயிற்சி எதற்கு?

'ஆலோசனை' என்றதும் அறிவுரை என்றே நாம் நினைக்கிறோம். ஒரு மாணவி, "எனக்கு ஒன்றுமே புரியவில்லை, வீட்டுக்கே போய்விடலாம் போல இருக்கிறது" என்கிறாள். "அம்மா அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பினார்கள், யோசித்துப் பார்" என்பது அறிவுரை. அதோடு பேச்சு நின்றுவிடும். "எல்லாரும் முன்னால் போக, தான் மட்டும் நின்றுவிட்டது போல இருக்கிறதா?" என்று ஆலோசகர் கேட்பார். அந்த மாணவி தொடர்ந்து பேசுவாள். பேசப் பேசத்தான் உண்மையான சிக்கல் வெளியே வரும்.

இந்தத் திறன் தானாக வருவதில்லை. கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆலோசனை அமர்வுகளை அவர்கள் இசைத்தட்டுகளில் பதிவு செய்தார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடப் பேச்சுதான் பதியும் என்பதால் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றி இயக்கினார்கள்.

பதிவைக் கேட்டபோதுதான் தவறுகள் தெரிந்தன. அமர்வு முடிந்தபின் ஆலோசகர் நினைவிலிருந்து எழுதிய குறிப்புகளில், பேசியவற்றில் பெரும்பகுதி விடுபட்டிருந்தது. வந்தவரைப் பேசவிட்டதாக நினைத்த பயிற்சியாளர், தானே பேச்சை இழுத்துச் சென்றதைத் தன் குரலிலேயே கேட்டார். ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையை ஊகித்து எழுதாமல் வெப்பமானியைப் பார்க்கிறோம் அல்லவா? இதுவும் அதைப் போன்றதே. 1942இல் ரோஜர்ஸ் ஒருவருடைய எட்டு அமர்வுகளையும் பெயரை மாற்றி முழுமையாக நூலில் வெளியிட்டார். 1945இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆலோசனை மையத்தைத் தொடங்கினார்.

பயிற்சி ஆலோசகர் இன்றும் ஒலிப்பதிவுக்கு உங்கள் அனுமதியைக் கேட்பது இதற்காகத்தான். அங்கே ஆராயப்படுவது உங்கள் குறை அல்ல. அவர் கேட்ட விதம்.

பேசினால் உடலில் என்ன நடக்கிறது?

மூன்றாம் படிவத்தில் தூண்டலும் துலங்கலும் படித்திருப்பீர்கள். ஆபத்து என்று மூளை உணர்ந்தால் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. புலி துரத்தினால் இது உதவும். ஆனால், தேர்வு பயமும் தனிமையும் பல வாரங்கள் நீடித்தால், கார்டிசோல் என்ற ஹார்மோனும் சேர்ந்து தூக்கத்தையும் கவனத்தையும் கெடுக்கிறது.

2007இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பயமும் கோபமும் தெரியும் முகப்படங்களை 30 பேர் பார்த்தார்கள். அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது. முன்மூளையின் ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. இது படங்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆலோசனைக்கு நேரடிச் சான்று ஆகாது. ஆனாலும், உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுவதே மூளையில் ஒரு மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதை அது காட்டுகிறது.

நேரடிச் சான்றும் உண்டு. 1977இல் இரண்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 400 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். உளச்சிகிச்சையோ ஆலோசனையோ பெற்ற சராசரி மனிதரின் நிலை, பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரைவிட நன்றாக இருந்தது. 'சராசரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லாருக்கும் ஒரே பலன் கிடைக்கும் என்று பொருள் இல்லை.

உங்கள் உரிமைகள்

1. எதிரில் இருப்பவர் பயிற்சியாளரா, அவருடைய மேற்பார்வையாளர் யார் என்று கேட்கலாம். 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி (சட்டம் 580), பதிவு பெற்றவரே மலேசியாவில் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியும். பதிவு பெற்றவர் பெயருக்குப் பின்னால் 'கே.பி., பி.ஏ.' என்று இருக்கும். அந்த 'பி.ஏ.' இளங்கலைப் பட்டம் அல்ல. தொழில் செய்வதற்கான சான்று.

2. ஒலிப்பதிவு வேண்டாம் என்று சொல்லலாம். சம்மதித்தால், யார் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று கேட்கலாம்.

3. நீங்கள் சொல்வது இரகசியமாகக் காக்கப்படும். ஆனால், உங்களுக்கோ பிறருக்கோ உயிராபத்து இருந்தால் ஆலோசகர் மற்றவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். இதை முதல் அமர்விலேயே அவர் விளக்க வேண்டும்.

4. அவரோடு பேச்சு ஒத்துவராவிட்டால் வேறு ஆலோசகரைக் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

செய்து பாருங்கள்

நண்பர் ஒருவரை இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். குறுக்கிடாதீர்கள், அறிவுரை கூறாதீர்கள், "எனக்கும் அப்படித்தான்" என்றும் சொல்லாதீர்கள். பேசி முடித்ததும் அவர் சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேளுங்கள். பிறகு இடம் மாறுங்கள். எத்தனை முறை வாயைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 600 மணி நேரப் பயிற்சி ஏன் தேவை என்பது அப்போது விளங்கும்.

ஆலோசனை அறைக்குப் போகிறவர் பைத்தியம் அல்ல. காய்ச்சலுக்குக் கிளினிக் போவது போலத்தான் இதுவும். பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் பள்ளியிலும் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். அவசரம் என்றால் 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

என் மாணவன் அடுத்த ஆண்டு மீண்டும் படிக்கப் போனான். இந்த முறை, வாசலோடு திரும்பாமல் உள்ளே போய் உட்கார்ந்தான்.