ஒற்றை விரல் காட்டும் இடம்

கள்ளக்குறிச்சியில் எலும்பு சிகிச்சைப் பிரிவிலும் பிசியோதெரபியிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் எலும்பும் மூட்டும் பார்த்து ஓய்வுபெற்ற ஒருவன் எழுதுவது.

இடுப்பு வலி என்று ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது ஒரே வாரத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களில் ஒரு கூட்டத்தை நான் பல ஆண்டுகள் தவறாகப் பார்த்தேன். முதுகுத்தண்டின் அடியில் ஆப்பு மாதிரி உட்கார்ந்திருக்கும் திரிக எலும்பு, இரண்டு பக்கமும் சப்பை எலும்போடு சேருகிற இடத்தை எஸ்.ஐ. ஜாயிண்ட் என்கிறோம். அவர்களுக்கு வலி அங்கிருந்து வந்தது. நான் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

1. படத்தைக் கையில் வாங்கும் முன், வலிக்கிற இடத்தை ஒற்றை விரலால் காட்டச் சொல்லுங்கள்.

கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் ஒரு அம்மா வந்தார். எம்.ஆர்.ஐ.யில் நான்காவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே ஜவ்வு சற்றுப் பிதுங்கியிருந்தது. "டிஸ்க்" என்று எழுதினேன். மாத்திரை, பெல்ட், இழுவை என்று ஒன்றரை வருடம் ஓட்டினேன். வருகிற ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா பின்பக்கம் கையைக் கொண்டுபோய், சேலைக் கட்டுக்குக் கீழே, வலது பக்கக் குழியை ஒரே விரலால் தொட்டுக் காட்டுவார். "இங்கதான் ஐயா, வேற எங்கயும் இல்ல" என்பார். நான் விளக்குப் பெட்டியில் மாட்டிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்களோடு வேலை பார்த்த இளம் பிசியோதெரபிஸ்ட் பெண்தான், "சார், இவங்க இடுப்புக்கு மேல ஒரு நாளும் கை வச்சதில்ல" என்று சொன்னாள். ஒன்றரை வருடமாக அந்த அம்மா எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

பின்னிடுப்பில் தொட்டால் துருத்திக்கொண்டு தெரியும் எலும்பு முனைக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக, கேட்கும்போதெல்லாம் அதே இடத்தில் விரல் போய் நின்றால் சந்தேகப்படுங்கள். 1990களில் ஃபோர்ட்டின் என்ற அமெரிக்க மருத்துவர் இதை எழுதியதால் அவர் பெயரில் ஒரு சோதனையாகவே சொல்கிறார்கள். செலவே இல்லாத சோதனை இது.

2. இந்த மூட்டு ஏன் மறந்துபோனது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

1905இல் பாஸ்டனில் கோல்ட்த்வெயிட், ஆஸ்குட் என்ற இருவர், இடுப்பு வலிக்கு இந்த மூட்டும் காரணம் என்று எழுதினார்கள். 1921இல் ஸ்மித்-பீட்டர்சன் மூட்டைத் திறந்து எலும்போடு எலும்பைச் சேர்க்கும் அறுவையைச் சொன்னார். அதன்பின் 1934இல் மிக்ஸ்டர், பார் இருவரும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதைக் காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அன்று முதல் எல்லா இடுப்பு வலியும் ஜவ்வின் கணக்கிலேயே எழுதப்பட்டது. நாற்பது வயதைத் தாண்டிய, வலியே இல்லாத மனிதரைப் படம் எடுத்தாலும் பெரும்பாலும் ஜவ்வில் ஏதாவது தெரியும். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காரர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு வலி எஸ்.ஐ. மூட்டிலிருந்து வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் வரிசையில் நிற்கும் பத்துப் பேரில் ஒருவராவது, சில நாள் மூவராவது அவர்கள்தான்.

3. ஒரு சோதனையை மட்டும் நம்பாதீர்கள்.

ஐந்து இருக்கின்றன. மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு சப்பை முனைகளையும் வெளிப்புறமாக அழுத்துவது, ஒருக்களிக்க வைத்து மேலிருந்து அழுத்துவது, தொடையை நெட்டுக்குத்தாக மடக்கிக் கீழ்நோக்கித் தள்ளுவது, குப்புறப் படுக்கவைத்துத் திரிக எலும்பை அழுத்துவது, கட்டில் விளிம்பில் ஒரு காலைத் தொங்கவிட்டு மறு காலை மார்போடு மடக்குவது. இவற்றில் குறைந்தது மூன்றில், அவர்களுக்குப் பழக்கமான அதே வலி எழுந்தால்தான் கணக்கு. இழுத்துப் பிடித்த வலி வேறு, "இதேதான் ஐயா" என்று அவர்கள் சொல்லும் வலி வேறு. தொடைக் கிண்ண மூட்டையும் கூடவே ஆட்டிப் பாருங்கள்.

4. இளைஞன் ஒருவன் வந்தால் காலையில் எப்படி எழுந்திருக்கிறான் என்று கேளுங்கள்.

இருபத்தைந்து வயது, மூன்று மாதத்துக்கு மேல் வலி, விடிகாலையில் இடுப்பு மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கிறது, நடக்க நடக்கத் தளர்கிறது என்றால் அது மூட்டுவாத வகை. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். அவனை மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் வலி, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு மெலிவு என்றால் காசநோயைத் தேடுங்கள். ஆடு மாடு வளர்ப்பவர், காய்ச்சாத பாலைக் குடிப்பவர் என்றால் புரூசெல்லாவுக்கு இரத்தம் அனுப்புங்கள். இவர்கள் யாருக்கும் மூட்டைத் திருகு போட்டுச் சேர்ப்பது வைத்தியமே அல்ல. சிறுநீர் நின்றுபோனது, காலில் பலம் குறைகிறது என்றால் அன்றைக்கே மேல் ஆஸ்பத்திரி.

5. உடம்பைத் தொடும் முன் வேலையைக் கேளுங்கள்.

இந்த மூட்டு அசைவதே இரண்டு, மூன்று டிகிரிதான். ஆனால் மேலுடம்பின் பாரம் முழுவதும் இதன் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. ஒரு பக்கமாகப் பாரம் ஏறிக்கொண்டே இருந்தால் அதன் தசைநார்கள் நொந்துபோகும். இப்போது நம் ஊர் வேலைகளை நினைத்துப் பாருங்கள். இடது சப்பையில் குடம், குடத்தை இறக்கினால் அதே சப்பையில் பிள்ளை. கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சாய்த்துப் போட்ட பலகையில் லாரி மேல் ஏறுகிறவர், ஒவ்வொரு அடியிலும் முழுப் பாரத்தையும் ஒற்றைக் காலில் தாங்குகிறார். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்குகிறவர் காலை அகட்டி ஊன்றி, இடுப்பை முறுக்கித்தான் இழுக்கிறார். நம் மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் மகிழ்ந்தேன். அந்தச் சிற்பிகள் பலர் ஒரு காலை மடக்கி, ஒரு காலால் மரத்தை அணைத்துப் பிடித்துத் தரையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து உளி பிடிக்கிறவர்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

பிள்ளை பெற்றவர்களைத் தனியாகக் கேளுங்கள். கர்ப்பத்தில் இடுப்பு வளையத்தின் நார்கள் இளகும். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வலி வரும், பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பிறகு அடங்கிவிடும். அடங்காதவர்கள்தான் உங்களிடம் வருவார்கள். "ரெண்டாவது புள்ளைக்கு அப்புறம்தான்" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள், காது கொடுங்கள். முதுகில் ஏற்கெனவே கம்பியும் திருகும் வைத்து எலும்பு சேர்க்கப்பட்டவருக்கு மீண்டும் இடுப்பில் வலி வந்தாலும் இந்த மூட்டை நினையுங்கள். மேலே இறுகிப்போனதன் சுமையைக் கீழே இருப்பது வாங்கிக்கொள்கிறது.

"பாரம் தூக்காதீர்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். தூக்காமல் அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? குடத்தை இரண்டு சிறு குடமாக்கி இரண்டு கையில் எடுக்கச் சொல்லுங்கள். சிற்பிக்கு மரத்தை ஒரு மேடைமேல் உயர்த்திக் கொடுங்கள், அவர் முக்காலியில் உட்காரட்டும்.

6. ஆறு மாதமாவது உடற்பயிற்சிக்குக் கொடுங்கள்.

புட்டத் தசை, அடிவயிற்றுத் தசை, இவை இரண்டும் பலப்பட்டால் அந்த மூட்டைச் சுற்றி இயற்கையாகவே ஒரு கட்டு விழும். பெல்ட் கொடுத்தால் அதை இடுப்பில் கட்டுகிறார்களா என்று பாருங்கள். கட்ட வேண்டியது அதற்கும் கீழே, தொடை எலும்பின் மேல் முனைக்குச் சற்று மேலே. பாதிப் பேர் தவறான இடத்தில் கட்டிவிட்டு, பெல்ட்டால் பயனில்லை என்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. மலை ஊர்களுக்கு நான் கண்ட நல்ல ஏற்பாடுகளில் அது ஒன்று. எந்த ஊர், எந்தச் செவிலியர் என்று விசாரித்து, அவரிடமே பயிற்சியைச் சொல்லி அனுப்புங்கள்.

7. ஊசி நோயைச் சொல்லும் கருவி, அதை வைத்தியமாக மட்டும் பார்க்காதீர்கள்.

சி-ஆர்ம் படத்தைப் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்தினால், அதே நாளில் வலி பாதிக்கு மேல் குறைய வேண்டும். சிலர் முக்கால் பங்கு குறைந்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். நானும் அந்தப் பக்கம்தான். படம் பார்க்காமல் கைக்கணக்கில் குத்தினால் ஊசி பெரும்பாலும் மூட்டுக்குள் போகாது. மூட்டு கொள்வதும் ஒன்றிரண்டு மில்லிதான், அதிகம் ஏற்றினால் வெளியே கசிந்து பொய்ப் பதில் கிடைக்கும். ஊசிக்கு முன் எந்த அசைவில் வலித்ததோ, ஊசிக்குப் பின் அதையே செய்யச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். அந்தக் கரும்பு வெட்டும் அம்மாவை ஊசிக்குப் பிறகு படி ஏறச் சொன்னேன். மூன்றாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

8. சிறு துளை என்பதால் சிறு முடிவு என்று நினைக்காதீர்கள்.

மூட்டை அசையாமல் சேர்க்கும் இன்றைய அறுவை இப்படி: குப்புறப் படுக்கவைத்து, பக்கவாட்டில் சுமார் மூன்று சென்டிமீட்டர் கீறி, சப்பை எலும்பு வழியாக மூட்டைக் கடந்து திரிக எலும்புக்குள் முதலில் ஒரு கம்பி. அதன் வழியே துளை. பிறகு டைட்டானியத்தில் செய்த முக்கோணச் செருகி அல்லது திருகு, வழக்கமாக மூன்று. ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை, இரத்தம் அதிகம் போகாது. 2008இல் அமெரிக்காவில் முக்கோணச் செருகிக்கு அனுமதி கிடைத்த பிறகு இது பரவியது. திரிக எலும்பின் முன்விளிம்பை ஒட்டி ஐந்தாவது இடுப்பு நரம்பு ஓடுகிறது, உள்ளே துவாரங்களில் மற்ற நரம்புகள். பக்கவாட்டுப் படம், மேலிருந்து பார்க்கும் படம், கீழிருந்து பார்க்கும் படம், மூன்றும் தெளிவாகத் தெரியாமல் கம்பியை நகர்த்தாதீர்கள். குடலில் வாயு நிறைந்து படம் மங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்தியிருக்கிறேன்.

அடுத்து, கம்பெனிக்காரர் கொண்டுவரும் தாள். 148 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறினார்கள். மருந்தும் பயிற்சியும் மட்டும் பெற்றவர்கள் அந்த அளவு தேறவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது செருகியைச் செய்யும் கம்பெனி. 2024இல் நார்வே, ஸ்வீடன் மருத்துவர்கள் 63 பேரை வைத்து வேறு ஒன்று செய்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான அறுவை, பாதிப் பேருக்குக் கீறித் தைத்ததோடு சரி, செருகி இல்லை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து இரு குழுவுக்கும் வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வு, அதோடு எல்லாம் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்தை அடகு வைத்து அறுவைக்கு வருகிற குடும்பத்திடம் முதல் தாளை மட்டும் காட்டுவது அநியாயம். இரண்டையும் சொல்லுங்கள். ஆறு மாதப் பயிற்சி பலிக்காமல், சோதனைகளில் குறைந்தது மூன்று ஒத்துப்போய், இரண்டு தடவை போட்ட ஊசியும் "ஆம்" என்று சொன்னவருக்கு மட்டுமே நான் இதை எண்ணிப் பார்ப்பேன்.

9. விபத்தில் உடைந்து வருகிறவர் வேறு.

சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையில் அடிபட்டு இடுப்பு வளையமே பிளந்து வருகிறவருக்கு இதே மூட்டின் குறுக்கே திருகு போடுவது உயிரோடும் நடையோடும் சேர்ந்த விஷயம். அங்கே ஆறு மாதம் காத்திருக்கும் பேச்சே இல்லை. இடுப்பை இறுக்கிக் கட்டி, இரத்தம் ஏற்றி, உடனே அனுப்புங்கள். முதல் 48 மணி நேரச் செலவுக்கு அரசுத் திட்டம் இருக்கிறது, பணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

10. அறுவைக்குத் தேதி கொடுக்கும் முன் வீட்டுக்குப் போகும் வழியைக் கேளுங்கள்.

மூன்று வாரம், சிலருக்கு ஆறு வாரம், அறுவை செய்த பக்கத்துக் காலில் முழுப் பாரம் ஏற்றக் கூடாது. வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர்க்காரர் என்றால் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம்? மேடா, பள்ளமா? வாக்கர் கல்லில் நிற்குமா? கழிப்பறை வீட்டில் இருக்கிறதா, குத்தவைத்து உட்கார வேண்டுமா? சாமை அறுப்போ நடவோ எந்த மாதம்? குடத்தை அந்த ஆறு வாரமும் யார் தூக்குவார்கள்? கடைசிக் கேள்வியை அம்மாவிடம் மட்டும் கேட்காதீர்கள், கூட வந்திருக்கும் கணவரிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். யார் என்று ஒரு பெயர் சொல்லட்டும். அந்தப் பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகு தேதியை எழுதுங்கள்.