வெள்ளைப் புள்ளி விழுகிறது, கம்பியைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. போன வருடம் பேராதனையில் பல்லுக்குக் கம்பி போட்டோம். கம்பளையிலிருந்து பஸ்ஸில்தான் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். இதற்குள் இரண்டு மூன்று தரம் பல்லில் ஒட்டிய பிரக்கெட் கழன்றுவிட்டது. பிரஷ் பண்ணினால் முரசில் இரத்தம் வருகிறது என்று பிள்ளை பயந்து பயந்து மெதுவாகத்தான் தேய்க்கிறாள். இப்போது மேல்பற்களில் பிரக்கெட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. கம்பி போட்டால் பல் பழுதாகிவிடும் என்று மாமி முதலிலேயே சொன்னார். அடுத்த வருடம் ஓ.எல். சோதனையும் வருகிறது. கழற்றிவிடலாமா டொக்டர்?
— ஒரு தாய், கம்பளை

பதில்: நீங்களாக முடிவெடுத்துக் கழற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிய கவலை தருவது, இரத்தம் வருகிறது என்று மகள் மெதுவாகத் தேய்ப்பதுதான். அதை இன்றிரவே மாற்றுங்கள்.

பல்லும் முரசும் சேரும் விளிம்பில் அழுக்குப் படலம் தங்கித் தங்கி முரசு வீங்கியிருக்கிறது. வீங்கிய முரசு தொட்டாலே கசியும். இரத்தத்துக்குப் பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டால் அழுக்கு கூடும், வீக்கம் கூடும், இரத்தமும் கூடும். ஒழுங்காகத் தேய்க்கத் தொடங்கினால் முதல் சில நாள் இரத்தம் வரத்தான் செய்யும். ஒரு கிழமை, பத்து நாளில் குறைந்து நிற்க வேண்டும். இரண்டு கிழமை கடந்தும் நிற்காவிட்டால் அடுத்த திகதிவரை காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெள்ளைப் புள்ளிக்கும் அதே அழுக்குத்தான் காரணம். அதிலுள்ள கிருமிகள் சீனியைத் தின்று அமிலம் விடுகின்றன. அந்த அமிலம் எனாமலின் சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. கரைந்த இடம் சோக்கட்டி நிறத்தில் தெரியும். சொத்தையின் முதல் படி இது. பிரக்கெட்டைச் சுற்றி அழுக்கு அப்படியே கிடந்தால் நான்கே கிழமையில்கூட இந்தப் புள்ளி விழலாம். அதிகம் விழுவது மேல்வரிசையில் நடு முன்பற்களுக்கு அடுத்த பல்லிலும் கோரைப்பல்லிலும்தான். மாமி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கம்பி தானாகப் பல்லைப் பழுதாக்காது. ஆனால் அழுக்கு ஒளிந்துகொள்ள நிறைய மூலை முடுக்குகளைக் கொடுக்கிறது.

பல்லில் தெரியும் வெள்ளையெல்லாம் இந்த வகை அல்ல. அநுராதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வெள்ளையும் மண்ணிறமுமான கறை இருக்கும். கிணற்று நீரில் புளோரைட் மிகுந்ததால் பல் முளைக்கும் முன்பே, உருவாகும் காலத்திலேயே வந்த கறை அது. மலைநாட்டில் கதை தலைகீழ். நம் பக்கத்துத் தண்ணீரில் புளோரைட் பொதுவாகக் குறைவு. குழாய் நீரில் யாரும் கலப்பதும் இல்லை. ஆகவே சொத்தையைத் தடுக்கத் தேவையான புளோரைட் உங்கள் மகளுக்குப் பற்பசையிலிருந்துதான் கிடைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பேஸ்ட் பெட்டியை எடுத்துப் பாருங்கள். 1000 முதல் 1500 பீ.பீ.எம். புளோரைட் என்று போட்டிருக்க வேண்டும். மூலிகைப் பேஸ்ட்கள் சிலவற்றில் புளோரைட்டே கிடையாது. அவை வேறு யாருக்கு ஒத்துவந்தாலும் கம்பி போட்ட பிள்ளைக்குப் போதாது.

இனித் தேய்க்கும் முறை. வெளிச்சம் படும் இடத்தில் கண்ணாடி முன் நிற்கச் சொல்லுங்கள். பிரஷின் நார் மெதுவாக இருக்க வேண்டும், கை மெதுவாகக் கூடாது. முதலில் கம்பிக்கு மேலே: நாரைச் சரித்து முரசின் விளிம்பில் வைத்துச் சிறு சிறு அசைவாகத் தேய்த்துக்கொண்டு ஒரு பல்லிலிருந்து அடுத்ததுக்குப் போக வேண்டும். பிறகு கம்பிக்குக் கீழே, நாரை மேல்நோக்கிச் சரித்து அதே மாதிரி. கடைசியாகப் பிரக்கெட்டின் முகம். கம்பிக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள சந்துக்குள் சாதாரண பிரஷ் போகாது. அதற்குப் போத்தல் கழுவும் பிரஷைப் போல, ஆனால் குச்சியளவில், சின்னப் பிரஷ் பார்மசியில் கிடைக்கும். இரவுத் தேய்ப்பு ஐந்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசித் தள்ள வேண்டாம். பேஸ்ட் பல்லில் கொஞ்சம் தங்கட்டும். பிறகு நீங்களே பாருங்கள். பிரக்கெட்டின் உலோகம் பளிச்சென்று, ஓரங்கள் தெளிவாகத் தெரிந்தால் சரி. மங்கலாக, மாவு பூசியதுபோல் இருந்தால் திரும்பத் தேய்க்க வேண்டும். 14 வயதுப் பிள்ளையின் வாயைப் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பிரக்கெட் கழல்வதற்கு வருவோம். முன்பு ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டித்தான் கம்பி கட்டினார்கள். 1955இல் மைக்கல் புவோனகோர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், பொஸ்போரிக் அமிலத்தால் எனாமலைச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பிசின் பல்லில் பிடிக்கும் என்று காட்டினார். இன்றைய பிரக்கெட் ஒட்டுவது அந்த வழியில்தான். வைத்தியம் முடிந்ததும் எனாமலுக்குச் சேதமில்லாமல் கழற்ற வேண்டும் என்பதால் இந்த ஒட்டுக்கு ஓர் எல்லை உண்டு. கஜுகமவில் வாங்கும் வறுத்த கஜு, வரக்காப்பொல எள்ளுருண்டை, முறுக்கு, ஐஸ்கட்டி, பேனா மூடி எல்லாம் அந்த எல்லையைத் தாண்டும். கொய்யாவையும் மாங்காயையும் மெல்லியதாக வெட்டிக் கடைவாயில் மெல்லலாம். அவித்த சோளத்தைக் கத்தியால் உதிர்த்துச் சாப்பிடலாம். டொபி வேண்டாம். ரியூஷன் இடைவேளையில் பணிஸும் இனிப்புப் பானமுமாக நாள் முழுக்கக் கொறிப்பதுதான் பல்லுக்கு அதிகக் கெடுதி. இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டு, இடையில் தண்ணீர் குடிக்கட்டும்.

ஒரு பிரக்கெட் கழன்றால் அந்தப் பல் நகர்வது அநேகமாக நின்றுவிடும், வைத்தியமும் நீளும். உடனே கிளினிக்குக்கு அறிவியுங்கள். கம்பியின் நுனி கன்னத்தில் குத்தினால் பல் கம்பிக்கான மெழுகை உருட்டி அதன்மேல் ஒட்டுங்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் புண் ஆறும். வீட்டுக் குறட்டால் வெட்டாதீர்கள், துண்டு தொண்டைக்குள் போய்விடலாம். கம்பியை முறுக்கிய பிறகு வரும் வலிக்கு ஒரு சின்ன உபாயம் உண்டு. சில வகை நிக்கல்-டைட்டேனியம் கம்பி குளிரில் இளகும், சூட்டில் இறுகும். அந்த இரண்டு மூன்று நாளும் கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ குடிப்பதை விட்டுக் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் நோவு தணியும்.

பாதியில் கழற்றினால் என்ன ஆகும்? பல் நகர வேண்டுமானால் ஒரு பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கத்தில் புது எலும்பு வளர வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் நகரும். இப்போது மகளின் பற்கள் நடுவழியில் நிற்கின்றன; அந்த எலும்பு இன்னும் இறுகவில்லை. விட்டால் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். முழுதாக முடித்த பிறகுகூட முரசிலுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும். அதனால்தான் கம்பி கழற்றியதும், பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிட்டேய்னர் போடச் சொல்கிறோம். அதை மேசை லாச்சியில் போட்டுவிட்டு, பல் திரும்பவும் கோணிய பிறகு வருபவர்கள் பலர்.

ஆனால் இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு சொல்லியும் வாய் சுத்தமாகாவிட்டால், கம்பியைக் கழற்றுவோம் என்று வைத்தியரே சொல்லக்கூடும். கோணல் பல்லோடு வாழலாம், சொத்தைப் பல்லோடு வாழ்வது கஷ்டம். விழுந்த புள்ளிகள் கம்பி கழற்றிய பின் ஓரளவு மங்கும். முழுதாக மறையும் என்று நான் உறுதி தரமாட்டேன். புதிதாக விழாமல் தடுப்பது மகளின் கையில் இருக்கிறது.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மகளின் பிரஷையும் பேஸ்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வைத்தியர் முன்னாலேயே தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த இடம் விட்டுப்போகிறது என்று அவர் காட்டித் தருவார். புளோரைட் வார்னிஷ் பூசலாமா, தினமும் கொப்பளிக்கப் புளோரைட் திரவம் தேவையா என்று கேளுங்கள். ஓ.எல். சோதனைத் திகதியையும் இப்போதே சொல்லி வையுங்கள். சோதனைக் கிழமையில் புதுக் கம்பி மாற்றாதபடி வைத்தியர் திகதி போட்டுத் தரலாம்.