முகக்குறையும் மருத்துவப் பார்வையும்

ஹவுராவில் பயிலும் தமிழ் நண்பர்களுக்கு, ஹூக்ளி ஆற்றின் அக்கரையோடு தொடர்புடைய பழைய செய்தியொன்றைக் கூறித் தொடங்குகிறேன். 1783-ஆம் ஆண்டில் வங்காளச் சிற்றூரொன்றில், தலைமேல் இன்னொரு தலை தலைகீழாக ஒட்டிய ஆண் குழந்தை பிறந்தது. அஞ்சிய மருத்துவச்சி அதை நெருப்பிலிட்டாள், ஆயினும் பிழைத்தது. பெற்றோர் அதனை அன்றைய கல்கத்தாவில் காசுக்குக் காட்டினர். நான்கு வயதளவில் நாகம் தீண்டி மாண்ட அக்குழந்தையின் மண்டையோடு இலண்டன் ஹண்டேரியன் அருங்காட்சியகத்திற்குச் சென்றது.

வேடிக்கை பார்ப்பது வேறு. நோய் பார்ப்பது வேறு. மருத்துவ மாணவன் என்ற முறையில் நான் விளக்க விரும்புவது பின்னதை.

முகக்குறையோடு பிறந்த சிசுவிடம் முதலில் கவனிக்க வேண்டியது அழகன்று, மூச்சு. 1923-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ரொபேன் விளக்கிய குறையில் கீழ்த்தாடை சிறுத்திருக்கும். நாக்கு பின்சரிந்து மூச்சை அடைக்கும். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் இக்குறை உயிருக்கே உலை வைக்கலாம். மருத்துவமனைக் கண்காணிப்பில் குப்புறக் கிடத்தினால் நாக்கு முன்வந்து வழி திறப்பதுண்டு. அது போதாதபோது மூக்குவழிக் குழாயோ அறுவையோ தேவைப்படும்.

இரண்டாவது, பால். அண்ணம் பிளந்த குழந்தையால் சரிவர உறிஞ்ச இயலாது. தாய்ப்பாலைப் பீச்சியெடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்துச் சங்கினால் சிறிது சிறிதாகப் புகட்டலாம். உதடு நன்றாயிருந்தும் அண்ணம் பிளந்திருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு சிசுவின் வாயையும் விளக்கொளியில் பார்த்து, விரலாலும் தடவி அறிதல் வேண்டும்.

மூன்றாவது, கண். அரிதாகச் சில பிளவுகள் கன்னத்தின் வழியே இமைவரை ஏறும். இத்தகைய பிளவுகளுக்குப் பால் தெசியே 1976-இல் 0 முதல் 14 வரை எண்ணிட்டார். இமை மூடாவிடில் கருவிழி உலர்ந்து பார்வை கெடும். களிம்பிட்டு உடனே காக்க வேண்டும்.

பின்னர் செவியையும் இதயத்தையும் சோதிப்பர். ஒரு குறையோடு மற்றொன்றும் சேர்ந்திருக்கலாம். உதட்டுப் பிளவைப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்திலும், அண்ணப் பிளவை 9 முதல் 18 மாதத்திலும் சீர்செய்வர். அதன்பின் பேச்சுப் பயிற்சியும் வேண்டும்.

கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று தாயைப் பழிப்போர் நம்மிடையே இன்னும் உளர். உதடு கருவின் இரண்டாம் மாதத்திலேயே கூடிவிடுகிறது. கருவுற்றதையே பலர் அப்போதுதான் அறிகின்றனர்! அவளைக் குற்றஞ் சொல்வதில் பயனென்ன? மத்திய அரசு 2013-இல் தொடங்கிய குழந்தைநலத் திட்டம் உதடு, அண்ணப் பிளவுகளுக்கு இலவச மருத்துவம் அளிக்கிறது. விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்களே, இச்செய்தியை அத்தாய்மாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.