கணத்துள் அறிதல்

சத்தீசுகர் மாநிலத்தின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கும் மேலாக நீள்கிறது ஒரு மின்தடம். 8 லட்சம் வோல்ட் அழுத்தத்தில், 6,000 மெகாவாட் வரை மின்திறனைக் கொண்டுவரும் இத்தடத்தில் பாய்வது நேர்த்திசை மின்னோட்டம் ஆகும். நெடுந்தொலைவிலும் மின்னிழப்புக் குறைவு என்பதே இதன் சிறப்பு. ஆயின், இத்தகைய தடத்தில் எங்கோ ஓரிடத்தில் பழுது நேர்ந்தால் அதனை அறிவது எவ்வாறு?

இல்லங்களுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுகிறது. அக்கணத்தில் மின்சுற்று முறிப்பான் தன்னுள் எழும் மின்பொறியை எளிதில் அணைத்துவிடும். நேர்த்திசை மின்னோட்டத்திற்கோ அத்தகைய ஓய்வு இல்லை. பழுது நேர்ந்த சில மில்லிநொடிகளில் மின்னோட்டம் பன்மடங்காகி, நிலையத்தின் குறைகடத்திக் கருவிகளைச் சிதைக்கவும் கூடும். எனவே, அது பெருகுமுன் பழுதை அறிதல் வேண்டும்.

அதற்குத் துணைநிற்பது பழுதே எழுப்பும் அலையாகும். குளத்தில் கல் விழுந்ததும் அலை கரை நோக்கி விரைவதுபோல, பழுதுற்ற இடத்திலிருந்து மின்னலை இருபுறமும் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாய்கிறது. 1,800 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் ஒன்றைக் கருதுவோம். ஒரு முனையை அலை அடைந்து 2 மில்லிநொடி கழித்தே மறுமுனையை அடைகிறது எனில், அலை கடந்த தொலைவுகளின் வேறுபாடு 600 கிலோமீட்டர். ஆகவே, பழுது முதல் முனையிலிருந்து 600 கிலோமீட்டரில் உள்ளது. இக்கணக்கீட்டிற்காக இரு முனைகளின் கடிகாரங்களும் செயற்கைக்கோள் வழியே ஒருங்கிணைக்கப்படுகின்றன. கால அளவீட்டில் 1 மைக்ரோநொடி பிழை நேர்ந்தாலும் இடம் 150 மீட்டர் விலகிவிடும்.

பல தடங்கள் இணைந்த வலையமைப்பில் சிக்கல் மேலும் பெரிது. சீனாவின் சாங்பெய்யில் 2020இல் இயங்கத் தொடங்கிய வலையமைப்பு, நான்கு நிலையங்களை வளையமாக இணைத்துக் காற்றாலை, சூரிய மின்சாரத்தைப் பெய்ஜிங்கிற்கு அளிக்கிறது. இத்தகைய அமைப்பில் பழுதுற்ற தடத்தை மட்டும் துண்டிக்க வேண்டும். மறுமுனையின் செய்திக்காகக் காத்திருக்கவும் நேரமில்லை. ஆதலால், தடங்களின் முனைகளில் மின்தூண்டிகளை அமைப்பர். அண்டைத் தடத்திலிருந்து வரும் அலை அவற்றைக் கடக்கையில் கூர்மை இழக்கும். தன் தடத்தில் எழுந்த அலையோ செங்குத்தாக வந்து மோதும். அவ்வேறுபாட்டைக் கொண்டே கருவி முடிவெடுக்கிறது.

விரைவு மட்டுமே போதுமா? கம்பியை மின்னல் தீண்டினும் பழுது நேராமல் போகலாம். அப்போதும் அலை எழும். அதனைப் பழுதெனக் கொண்டு தடத்தைத் துண்டித்தால் ஊர்கள் இருளில் மூழ்கக்கூடும். உண்மைப் பழுதைத் தவறவிட்டாலோ கருவிகள் அழியும். விரைந்து அறிதலும் பிழையின்றி அறிதலும் ஒருங்கே அமைவதே பாதுகாப்புப் பொறியியலின் அறமாகும்.