மழலையைக் காக்கும் வீடு

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

மழலைச் செல்வம் வீட்டிற்கு விளக்கு என்பர் பெரியோர். அவ்விளக்கைக் காக்கும் வழிகளை நாம் அறிந்திருக்கிறோமா? தவழத் தொடங்கிய குழந்தை கண்டதைத் தொடும். தொட்டதை வாயில் வைக்கும். உயரத்தைக் கண்டால் ஏறும். உலகை அது அவ்வாறுதான் கற்கிறது. ஆகவே, குழந்தையை அதட்டுவதைவிட வீட்டைத் திருத்துவதே அறிவுடைமை.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று, திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. இரவு பகலாக முயன்றும் 29-ஆம் தேதி அதிகாலை உடலைத்தான் மீட்க முடிந்தது. தமிழகமே தொலைக்காட்சி முன் கலங்கி அமர்ந்திருந்த அந்நாள்களிலேயே தூத்துக்குடியில் மற்றொரு துயரம் நிகழ்ந்தது. பெற்றோர் அந்த மீட்புப் பணியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அவர்களுடைய இரண்டு வயதுப் பெண் குழந்தை குளியலறையில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது.

அப்பெற்றோரைக் குறை கூற நமக்கு மனம் வராது. எந்த வீட்டிலும் நேரக்கூடியதே அது. பயன்படாத ஆழ்துளைக் கிணறுகளை அடிமுதல் தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே நெறிமுறை வகுத்தது. ஆனால் நம் வீட்டுக் குளியலறை வாளியை மூட நீதிமன்றம் வராது. நாம்தான் மூட வேண்டும்.

தண்ணீர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் தண்ணீரைப் பிடித்து வைக்காத வீடு அரிது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டபோது, லாரித் தண்ணீருக்காக டிரம்களும் குடங்களும் வாசலில் வரிசையாக நின்றன. அப்பழக்கம் நல்லதே, ஆனால் திறந்து கிடக்கும் டிரம் குழந்தைக்குக் கிணற்றுக்குச் சமம்.

இதற்குக் காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு; வளர்ந்தவர்க்கோ எட்டில் ஒரு பங்குதான். தலை கனமாக இருப்பதால் வாளிக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகீழாகச் சரிகிறது. நிமிர்ந்து எழ அதற்கு வலிமை இல்லை. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு தண்ணீரே உயிரைப் பறிக்கப் போதும். மூழ்கும் குழந்தையால் கூவி அழைக்கவும் இயலாது. “சத்தமே இல்லை, சமர்த்தாக விளையாடுகிறது” என்று நாம் எண்ணும் நேரமே ஓடிச் சென்று பார்க்க வேண்டிய நேரம்.

எனவே குளித்தவுடன் வாளியைக் கவிழ்த்து வைப்போம். டிரம்முக்கு இறுக்கமான மூடி போடுவோம். வாசலில் உள்ள சம்ப்பின் மூடியைப் பூட்டி வைப்போம். லாரிக்காரர் சென்றதும் மூடியை மீண்டும் ஒருமுறை பார்ப்போம். குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும்.

தீயும் மின்சாரமும்

வடித்த கஞ்சியையும் கொதிக்கும் சாம்பாரையும் தரையில் வைத்தல் ஆகாது. மிக்சி, குக்கர் ஆகியவற்றின் ஒயர் மேடையிலிருந்து தொங்கக் கூடாது. தாழ்வான பிளக் பாயிண்டுகளுக்கு மூடி பொருத்த வேண்டும். சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஊற்ற வேண்டும். பற்பசை, பேனா மை, மாவு எதையும் தடவக் கூடாது.

வாய்க்குள் போகும் பொருள்கள்

பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது பெரும் தவறு. குழந்தைக்கு அது குளிர்பானமாகவே தோன்றும். அவற்றைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. திரும்பி வரும்போது உணவுக்குழாயையும் நுரையீரலையும் அவை கெடுக்கும். பூஜை அறைச் சூடத்தைத் தின்றால் வலிப்பு வரும். கடிகாரத்திலும் பொம்மையிலும் உள்ள பொத்தான் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வேர்க்கடலையும் புளியங்கொட்டையும் மூச்சுக்குழலை அடைக்கும். இவற்றில் எது நேர்ந்தாலும் கைவைத்தியம் பாராமல் 108-ஐ அழைக்க வேண்டும். 2008 முதல் தமிழகத்தில் இந்த ஆம்புலன்ஸ் இலவசமாக இயங்கி வருகிறது.

யார் பார்ப்பது?

தொழிற்பேட்டையிலும் தொழிற்சாலைகளிலும் அப்பாவும் அம்மாவும் ஷிப்டு பார்க்கும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். மாலையில் தம்பி, தங்கைகள் நம் போன்ற அக்காமார் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். வீட்டில் ஐந்து பேர் இருந்தும், “அவர் பார்ப்பார்” என்று ஒவ்வொருவரும் நினைத்தால் குழந்தையைப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. ஆகவே பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி மாற்றுவோம். “பாட்டி, நான் படிக்கப் போகிறேன், பாப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி, அவர் “சரி” என்ற பிறகே நகர்வோம்.

தோழியரே, இந்த விடுமுறையில் ஒரு நாள் முழந்தாளிட்டு, குழந்தையின் உயரத்திலிருந்து நம் வீட்டை அறை அறையாகப் பார்ப்போம். நின்றபோது தெரியாத ஒயரும் மாத்திரையும் திறந்த வாளியும் அப்போது கண்ணில் படும். செலவு அதிகம் இல்லை. வேண்டியது ஒரு மூடி, ஒரு தாழ்ப்பாள், விழிப்பான இரு கண்கள். வருமுன் காப்போம்; மழலையரை வாழ வைப்போம்!